தீபாராதனைக்குப் பிறகு

சாவித்திரியும் மகள் கிருஷ்ணப்பிரியாவும் பேசிக்கொள்ளாமல் முப்பத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

கடைசியாகப் பேசியது வெள்ளிக்கிழமை இரவு, பட்டாபிராம் வீட்டின் சமையலறையில். வானகரத்திலிருந்து வரும் பையனிடம் தானே எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாகப் பிரியா சொன்னாள். சொன்னால் இதுவும் போய்விடும் என்றாள் சாவித்திரி. போனால் போகட்டும் என்றாள் பிரியா. அதன் பிறகு சாவித்திரி அடுப்பை அணைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"ஒரு நாள், வெறும் உன்னை மட்டும் அந்தப் பையன் பார்க்கட்டும். தீபாராதனை ஆனப்புறம் நீ என்ன வேணா சொல்லிக்கோ."

பிரியா தலையசைத்தாள். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

சொல்ல இருந்த விஷயத்துக்கு அந்த வீட்டில் பெயர் கிடையாது. 'அது' என்பார்கள். அது போட்டுக்கிட்டியா, அது எடுத்து வெச்சுக்கிட்டியா. பிரியாவுக்கு ஒன்பது வயதில் வந்தது. ஒரு நாளைக்கு நான்கு முறை இன்சுலின். பேனா போன்ற ஊசிகளும் விரலில் குத்திப் பார்க்கும் கருவியும் ஒரு நீலப் பையில் இருக்கும். அம்பத்தூரில் அவள் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அது தெரியும். அங்கே அது ஒரு விஷயமே இல்லை. வீட்டில்தான் பதினேழு வருடமாக சாவித்திரி அந்த வியாதியின் பெயரை வாயால் சொன்னதில்லை.

இதற்கு முன் வந்த இரண்டு வரன்களிடமும் அப்பா சம்பந்தம்தான் ஃபோனில் பக்குவமாகச் சொன்னார். முதல் வரன் அதோடு சரி. இரண்டாவதாக வந்த சேக்காட்டுக்காரர்கள் கலந்து பேசிவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு சாவித்திரி இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் மகள் முன்னால் தள்ளினாள். பிரியா ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அந்த வீட்டில் அன்று சாப்பிட்டது அவள் ஒருத்திதான்.

இரண்டு குடும்பங்களிலும் ஒரே வழக்கம். பெண் பார்ப்பது வீட்டில் இல்லை, கோயிலில். தீபாராதனை ஆகும் வரை இரு வீட்டாரும் தண்ணீரைத் தவிர எதையும் தொடக் கூடாது. கற்பூரம் காட்டியதும் அர்ச்சனைத் தட்டிலிருந்து பழத்தை எடுத்து, பெண்ணின் தாய் பையனின் தாய்க்குக் கொடுப்பாள். அதிலேயே பாதி முடிந்த மாதிரி.

கோயிலைத் தேர்ந்தெடுத்தது சாவித்திரி. மாமல்லபுரம், கடற்கரைக் கோயில்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கோயிலைக் காலண்டரில் பார்த்துக்கொண்டிருந்தாள். இரட்டைக் கோபுரம், பின்னால் கடல். அங்கே நின்று ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்று ஆசை. நேரில் போனதில்லை. பையன் வீட்டார் போயிருக்கிறார்கள்தான். ஆனாலும் பெண் வீட்டார் சொல்லும் கோயிலை மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

அதனால் காலை ஒன்பதரை மணிக்கு, பட்டுப்புடவையில், தேங்காய் பழம் பூ கற்கண்டு நிறைந்த கூடையோடு, சாவித்திரி டிக்கெட் பரிசோதிக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"கூடைய உள்ள எடுத்துக்கினு போக முடியாதும்மா. இங்க பூஜை கிடையாது," என்றார் காவலாளி.

"சாமி இருக்காரு இல்ல?"

"இருக்காரு. பூஜைதான் இல்ல."

சாவித்திரி கோபுரத்தைப் பார்த்தாள். பிறகு கூடையைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது.

பக்கத்தில் நின்ற சுசீலா, பையனின் தாய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் குத்தல் இல்லை. "இன்னாக்கா இது, சாமிய பாக்க டிக்கெட்டு வாங்கணும், ஆனா கும்புடக் கூடாதாம்," என்றாள். சாவித்திரியும் வேறு வழியில்லாமல் சிரித்தாள்.

சுசீலா சத்தமாகப் பேசுகிற பெண்மணி. கணவர் நடேசனுக்கு வானகரம் மீன் மார்க்கெட்டில் கடை. ஞாயிற்றுக்கிழமை கடையை விட்டு வர முடியாது என்பதால் அவர் வரவில்லை. மகன் பிரசன்னா கம்ப்யூட்டர் வேலை. ஒல்லியாக, கொஞ்சம் கூன் போட்டு நின்றான். இந்தக் குழப்பத்துக்குத் தானே காரணம் போல நெளிந்தான். ஊருக்குள் பெருமாள் கோயில் இருக்கிறது, அங்கே பூஜை உண்டு, பன்னிரண்டு மணி வரை திறந்திருக்கும், வெயில் ஏறுவதற்குள் இதைப் பார்த்துவிடலாம் என்று மெல்லச் சொன்னான்.

சம்பந்தம் கூடையோடு வெளியே இருந்துகொள்வதாகச் சொன்னார். எந்தச் சண்டையிலும் வெளியே நிற்கத்தான் அவருக்குப் பிடிக்கும்.

உள்ளே நுழைந்ததும் பிரியா தன் பதற்றத்தை மறந்துபோனாள்.

படத்தில் கோயில் கறுப்பாகத் தெரியும். நேரில் அது தேன் நிறம். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து, ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக நின்றது. மதில்மேல் வரிசையாக நந்திகள், கழுத்தைத் தூக்கியும் தூக்காமலும். அதற்கு அப்பால் சவுக்கு மரங்கள், பாறைகள், அலை. ஆயிரத்து முந்நூறு வருடமாக இந்தக் காற்று இந்தக் கல்லில் மோதிக்கொண்டே இருக்கிறது. அவள் அண்ணாந்து நின்றாள். கழுத்து வலித்தபோதுதான் பிரசன்னா பக்கத்தில் நிற்பது தெரிந்தது.

கடலைப் பார்த்த பக்கம் இருக்கும் கல் சிங்கத்துக்கு மட்டும் ஏன் முகம் கரைந்திருக்கிறது என்று கேட்டான்.

பிரியாவுக்குப் புதியவர்களிடம் பேச்சு வராது. ஆனால் அவன் கேட்டது அவளுக்குத் தெரிந்த விஷயம். காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் போகும் என்றாள். காயும்போது அது படிகமாகும், படிகம் வளரும்போது கல் உள்ளேயிருந்து உதிரும். சொல்லிக்கொண்டே போனவள், அதிகம் பேசிவிட்டோமோ என்று நிறுத்தினாள்.

"அதை எப்படி நிறுத்துறாங்க?"

"நிறுத்த முடியாது. காகிதக் கூழை நனைச்சுக் கல்லுமேல அப்புவாங்க. அது காயும்போது உப்பை வெளியே இழுத்துக்கும். உரிச்சு எடுத்துட்டு, எவ்வளவு உப்புன்னு பார்ப்பாங்க. கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பவும் அப்புவாங்க."

"அப்போ கூடவே இருந்து பார்த்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதானே?"

அவன் சிங்கத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

பிரியாவுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. இப்போது சொன்னால் இரண்டே வாக்கியத்தில் முடியும். திரும்பிப் பார்த்தாள். பத்தடி தள்ளி, சுசீலாவோடு நடந்துகொண்டே சாவித்திரி இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது.

"அவ்வளவுதான்," என்றாள் பிரியா.

அங்கிருந்து அர்ச்சுனன் தபசுக்குப் போனார்கள். ஒரு முழுப் பாறை. அதில் யானைகள், குட்டி யானைகள், வேடர்கள், நாகங்கள், பறக்கும் தேவர்கள். நடுவில் பிளவு, ஒரு காலத்தில் அதில் தண்ணீர் இறங்கியிருக்குமாம். யானையின் காலுக்கடியில் தூங்கும் குட்டிகளைப் பார்த்து சாவித்திரி தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தேங்காய் உடைக்காவிட்டாலும் கும்பிட ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது.

சுசீலா வேறொன்றைக் கண்டுபிடித்தாள். பெரிய யானையின் பக்கத்தில், ஒற்றைக் காலில், கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனை. காலடியில் எலிகள்.

"பாரு பிரசன்னா, இதுவும் விரதமாம். மூஞ்சப் பாத்தா காலையிலயே எங்கயோ ஒரு வேளை முடிச்சிட்டு வந்த மாறி கீது."

எல்லோரும் சிரித்தார்கள். பிரியாவுக்கு இரண்டு இட்லி ஞாபகம் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பாறையை விட்டு யாருக்கும் நகர மனம் வரவில்லை. சுசீலாவுக்குப் பூனை, சாவித்திரிக்கு யானைக்குட்டி. பிரசன்னா பக்கத்துப் பாறையில் வரிசையாக இருந்த உளிக்குழிகளைக் காட்டினான். குழி போட்டுக் கல்லைப் பிளக்கத் தொடங்கி, ஏனோ பாதியில் விட்டிருக்கிறார்கள். நேற்றுதான் சாப்பிடப் போன மாதிரி இருந்தது. பிரியா ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஓரம் இன்னும் கூராக இருந்தது.

பெருமாள் கோயில் வாசலுக்கு வந்தபோது நடை சாத்தியிருந்தது. இனி மூன்று மணிக்குத்தான்.

தெரு முழுக்க மீன் வாசனை. இருபுறமும் சின்னச் சின்ன உணவுக்கடைகள், வாசலில் கண்ணாடிப் பெட்டியில் மசாலா தடவிய மீன்கள். சுசீலா கண்ணை மூடி மூக்கால் இழுத்தாள். இந்தக் கடையில் சங்கரா, அடுத்ததில் கணவாய், மூன்றாவதில் எண்ணெய் பழசு என்றாள். மீன்காரர் வீட்டுக்காரிக்கு எட்டிப் பார்க்கத் தேவையில்லை. தீபாராதனை ஆனதும் நேரே இரண்டாவது கடை, வஞ்சிரமும் இறால் தொக்கும், சோறு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று சாப்பாட்டுத் திட்டம் முழுவதையும் நின்ற இடத்திலேயே போட்டு முடித்தாள். அவள் சொல்லச் சொல்ல சாவித்திரிக்கும் வாயில் எச்சில் ஊறியது.

பெண் வீட்டில் எல்லோரும் விரதம் என்று நம்பி, பசி தாங்காத சுசீலாவும் காலையிலிருந்து வெறும் வயிறு. அதை நினைத்தால் சாவித்திரிக்குச் சங்கடமாக இருந்தது. வேர்க்கிறதா, வெளுக்கிறதா என்று மகளின் நெற்றியையும் உதட்டையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் பிரசன்னா சொன்னான். வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. கடற்கரைக் கோயிலைவிடப் பழசு. மூன்று மணிக்குள் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

சாவித்திரியின் முகம் மலர்ந்தது. பழைய முருகன் என்றால் சக்தி அதிகம். "முருகன் இருக்கும்போது எதுக்கு மூணு மணி வரைக்கும்? அங்கயே தீபாராதனை பார்த்துடலாம்," என்று சம்பந்தத்திடம் சொல்லிக்கொண்டே கூடையோடு காருக்குப் போய்விட்டாள். பிரசன்னா வாயைத் திறந்தான். அதற்குள் கார் கதவு மூடியாகிவிட்டது.

பொண்ணு நம்ம வண்டியில் வரட்டும் என்றாள் சுசீலா. பிரியா பிரசன்னாவின் காரில் ஏறினாள்.

கொஞ்ச தூரம் போனதும் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. அவளுக்கு அது பழகிய அடையாளம். வெயிலில் மூன்று மணி நேர நடை, இரண்டு இட்லி, இரவு போட்ட ஊசி இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறது. ரத்தத்தில் அளவு இறங்கிக்கொண்டிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, ஒரு மிட்டாய் போட்டால் ஏறிவிடும். கைப்பையில் மிட்டாய்கள் இருக்கும். எப்போதும் இருக்கும். முந்தானை மறைவில் பைக்குள் கையை விட்டுத் தேடினாள்.

இல்லை.

யார் எடுத்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியதில்லை. விரதம் என்று சொல்லிவிட்டுப் பையில் மிட்டாயா என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கும். எடுத்து நீலப் பைக்குள் போட்டிருப்பாள். நீலப் பை அப்பாவின் காரில்.

பக்கத்தில் சுசீலா, பிரசன்னா சின்ன வயதில் நண்டைப் பிடிக்கப் போய் விரலில் கடி வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்னாலிருந்து பிரசன்னா வேண்டாம்மா என்று கெஞ்சினான். பிரியா சிரித்தாள். பத்து நிமிடம் தாங்கும் என்று கணக்குப் போட்டாள். இறங்கியதும் நீலப் பையை எடுத்தால் சுசீலாவுக்கு ஊசி தெரியும். தெரிந்தால் அம்மாவிடம் கொடுத்த வாக்கு போகும்.

அப்படிக் கணக்குப் போடக் கூடாத நேரம் அது. ரத்தத்தில் அளவு இறங்க இறங்க முதலில் தப்புவது கணக்குதான். அவளுக்கே அது தெரியும். அந்த நிமிடம் தெரியவில்லை.

வண்டிகளை நிறுத்திய இடத்தில் ஓர் இளநீர் வண்டி மட்டும் இருந்தது. சம்பந்தம் நிழலில் காரைப் போட்டு, இருக்கையைச் சாய்த்துக்கொண்டார். மற்ற நால்வரும் சவுக்குகளுக்கு நடுவே மணலில் நடந்தார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு சாவித்திரிதான் முன்னால்.

வேலிக்குள் நுழைந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

கோபுரம் இல்லை. கூரை இல்லை. பள்ளத்தில் இடுப்பளவு செங்கல் சுவர், அதன்மேல் உடைந்த கருங்கல் துண்டுகள். வடக்குப் பார்த்த வாசல். அதற்கு முன்னால் மணலில் ஊன்றிய ஒரு கல் வேல்.

பிரசன்னா தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். சுனாமி வந்து போனபோது பக்கத்துப் பாறையில் எழுத்து தெரிந்திருக்கிறது. அதை வைத்துத் தோண்டியபோது கிடைத்தது இந்தக் கோயில். கருங்கல் பல்லவர் காலம், அடியில் இருக்கும் செங்கல் அதற்கும் முந்தியது. "இடிஞ்ச கோயில்னு சொல்றதுக்குள்ள நீங்க கார்ல ஏறிட்டீங்க ஆன்ட்டி. ஸாரி."

சாவித்திரி கோபப்படவில்லை. வேலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை காலம் மணலுக்கடியில் கிடந்திருக்கிறது. மேலே ஆட்கள் நடந்திருப்பார்கள், ஆடு மேய்ந்திருக்கும். கடல் வந்து மேல்மணலைத் தள்ளிவிட்டுப் போன பிறகு வெளியே வந்திருக்கிறது. ஒரு செங்கல்லைத் தொட்டுப் பார்த்தாள். அகலமாக, தட்டையாக, வெதுவெதுப்பாக இருந்தது.

பின்னால் பிரியா அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. முதுகில் வேர்வை வழிந்தது, அது ஐஸ் போல இருந்தது. முழங்கால் தானாக மடங்க, சுவர் ஓரத்து மணலில் உட்கார்ந்தாள்.

"ஐய, பொண்ணுக்கு இன்னா ஆச்சு? வெயிலு ஒத்துக்கல போல. பிரசன்னா, ஓடிப் போய் ஒரு எளநீ வாங்கினு வா," என்றாள் சுசீலா. அவன் ஓடினான்.

சாவித்திரி வந்து மண்டியிட்டாள். மகளின் கையைப் பிடித்தாள். ஈரமாக, நடுங்கிக்கொண்டு இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவுக்குப் பிறகு முதல் முறையாகப் பிரியா அம்மாவிடம் பேசினாள். குரல் குழறியது.

"அம்மா. மிட்டாய் எங்க?"

மிட்டாய் நீலப் பையில் இருந்தது. சாவித்திரி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். கார் எங்கோ இருந்தது. மணலில் அவளால் எவ்வளவு வேகமாக ஓட முடியும்? மகளின் கண்கள் எதையும் பார்க்காமல் திறந்திருந்தன.

கையில் கூடை இருந்தது.

பூவைத் தள்ளினாள். தேங்காய் உருண்டு போய் வேலின் அடியில் நின்றது. கற்கண்டுப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, ஒரு பிடி அள்ளி மகளின் வாயில் போட்டாள். மெல்லு, மெல்லு என்றாள். இன்னொரு பிடி. பிறகு பழத்தை உரித்து, துண்டு துண்டாகப் பிய்த்து ஊட்டினாள்.

"அக்கா, இன்னும் சாமிக்குக் காட்டலியே," என்றாள் சுசீலா. குரலில் பதற்றம்தான் இருந்தது.

சாவித்திரி அடுத்த துண்டை ஊட்டினாள். மகளின் முகத்தை விட்டு அவள் கண் நகரவில்லை. பழம் தீர்ந்தது. பிரியாவின் பார்வை மெல்ல ஒரு இடத்தில் நின்றது. அம்மாவின் முகத்தில்.

"போதும்மா," என்றாள்.

சாவித்திரி மூச்சு விட்டாள்.

"வெயில்தான் இல்ல? நானே பயந்துட்டேன்," என்றாள் சுசீலா. குனிந்து, மணல் ஒட்டிய தேங்காயை எடுத்துப் புடவையில் துடைத்துக் கூடையில் வைத்தாள்.

வெயில்தான் என்று சொல்லிவிட்டால் போதும். சுசீலாவே எடுத்துக் கொடுத்த பொய் அது. மூன்று மணிக்கு நடை திறப்பார்கள். தேங்காய் உடையவில்லை, வேறு பழம் வாங்கிக்கொள்ளலாம்.

பிரியா எழுந்து உட்கார முயன்றாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாவித்திரி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

பிரசன்னா இரண்டு கையிலும் இளநீரோடு, மூச்சு வாங்க வந்து நின்றான்.

"வெயில் இல்லம்மா," என்றாள் சாவித்திரி. சுசீலாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "இவ உங்க பையன்கிட்ட முதல்லயே சொல்லணும்னுதான் நின்னா. வேணாம்னு தடுத்தது நான். தீபாராதனை ஆகட்டும், அப்புறம் சொல்லுன்னேன்."

சுசீலா தேங்காய்மேல் வைத்த கையை எடுக்காமல் நிமிர்ந்தாள்.

சாவித்திரி மகளின் உதட்டில் ஒட்டியிருந்த கற்கண்டுத் தூளைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு, பதினேழு வருடமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

"என் பொண்ணுக்குச் சர்க்கரை வியாதி."